கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகளோடு: எது ஓடும், எது பாதியில் நிற்கும்

பள்ளிக்கூடம் மூடி ஒரு வாரத்துக்குள் எல்லா வீட்டிலும் ஒரு விஷயம் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, கடையில் சாமான் வாங்கித் தயார்செய்த வேலை பத்து நிமிடத்தில் சலித்துப்போகும். சும்மா கொடுத்த வாளியும் சொம்பும் முக்கால் மணி நேரம் ஓடும். இரண்டிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இது மாறாமல் நடப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வேலையில் பிள்ளை தன் கையால் செய்வது எவ்வளவு, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு என்பதுதான் அது.

அதனால் எதைத் தொடங்கினாலும் முதலில் அதில் பிள்ளையின் பங்கு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வடாம் போடுவதில் கூழ் காய்ச்சுவது உங்கள் பங்கு, கரண்டியால் ஊற்றுவது அவர்கள் பங்கு. நுங்கு வண்டியில் ஓட்டை போடுவது உங்களுடையது, தள்ளுவது அவர்களுடையது. உங்கள் பங்கை அவர்கள் எழுந்திருக்கும் முன்பே முடித்துவைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். "இரு, இரு, அம்மா முடிச்சுட்டுத் தர்றேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டிவந்தால் அந்த வேலை அன்றைக்கு ஓடாது.

மூன்று வயதுப் பிள்ளை ஒரே வேலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நின்றாலே நல்ல நேரம். ஆறு வயதில் அரை மணி வரை போகும். அதற்குள் எழுந்து ஓடிவிட்டால் வேலை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். சாமானை அப்படியே ஓரமாக வையுங்கள், பெரும்பாலும் சாயங்காலம் தானே திரும்பி வருவார்கள்.

வெயிலைப் பார்த்து நாளைப் பிரியுங்கள்

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் வெளி வேலைக்குக் காலை 6.30 முதல் 8.30 வரை, சாயங்காலம் 5 மணிக்கு மேல் என்று இரண்டே நேரம்தான். மொட்டை மாடிக்கு அனுப்பும் முன் உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் பிள்ளையின் பாதத்துக்கு அது கொப்புளம். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரும் பதினோரு மணிக்கு மேல் கொதிக்கும், முதலில் ஒரு வாளி பிடித்துத் தொட்டுப் பார்த்த பிறகு குளிக்க விடுங்கள்.

நடுப்பகல் 11 முதல் 4 வரை வீட்டுக்குள்தான். போன் கைக்குப் போவது அந்த நேரத்தில். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு: இரண்டிலிருந்து நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் கீழே உள்ள குழந்தைக்குத் திரையே வேண்டாம். அந்த ஒரு மணியைக் காலையிலேயே செலவழித்துவிட்டால் மதியம் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மதியச் சமையல் நேரத்துக்கு அதைப் பத்திரப்படுத்திவையுங்கள்.

தண்ணீர் தாகம் எடுத்த பிறகு கேட்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது, விளையாட்டில் இருக்கும் பிள்ளை கேட்காது. ஒவ்வொரு அரை மணிக்கும் நாலு வாய் கொடுங்கள். மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணி நேரம் போகாமலே இருந்தாலோ உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதித் தூளைக் கண் அளவில் டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிவிடும், அது வயிற்றுப்போக்கை மோசமாக்கும். சோர்ந்து படுத்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

வாளியும் சொம்பும்

செலவில்லாதது, எல்லா வயதுக்கும் பிடிப்பது, ஆனால் ஆபத்திலும் முதலிடம் இதற்குத்தான். அகலமான பிளாஸ்டிக் டப்பில் நாலு விரல் உயரம் தண்ணீர் போதும். கூடவே இரண்டு சொம்பு, ஒரு புனல், ஒரு வடிகட்டி, பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்ச் ஒன்று, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்ட அரை லிட்டர் பாட்டில். விலைக்கு வாங்கும் நீர்த்துப்பாக்கி இதன் முன்னால் நிற்காது. துப்பாக்கியின் பிஸ்டனை நாலு வயதுக் கையால் இழுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கொண்டுவந்து நீட்டும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானே எழ முடியாது, சத்தமும் வராது. சில அங்குலத் தண்ணீரே போதும். ஆகவே பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் டப்பையும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் பெட்டியை இறக்கி வைத்த உடனே சம்ப் மூடி, கிணற்றுச் சுவர், கொல்லையில் உள்ள தொட்டி மூன்றையும் சுற்றிப் பாருங்கள். தாத்தா பாட்டி இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அவையெல்லாம் வருடக் கணக்கில் திறந்தே கிடந்திருக்கும்.

நுங்கு வண்டி

ஏப்ரல், மே, ஜூன் நுங்குக் காலம். ரோட்டோரம் நுங்கு வெட்டுகிறவரிடம் நுங்கு எடுத்த வெறும் காய் இரண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார். ஒரே அளவுள்ள இரண்டாகப் பார்த்து எடுங்கள். ஒன்று பெரிதாக இருந்தால் வண்டி ஒரே பக்கமாக வட்டமடிக்கும், பிள்ளை வண்டியோடு சேர்ந்து சுவரில் போய் முட்டும்.

அச்சுக்குக் கட்டை விரல் பருமனில் ஒரு சாண் நீளக் குச்சி. வேப்பங்குச்சி, புங்கங்குச்சி எதுவும் ஆகும், பச்சையாக இருந்தால் வளைந்துவிடும், காய்ந்ததாக எடுங்கள். இரண்டு முனையையும் பென்சில் போலச் சீவுங்கள். காயின் வெட்டிய முகத்தில் மூன்று குழிகளுக்கும் நடுவே சேரும் இடம் இருக்கிறதே, அங்கே ஸ்க்ரூ டிரைவரால் சின்னதாக வழி செய்து குச்சியை அடித்து இறக்குங்கள். இரண்டு காய்க்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி வேண்டும். குச்சி காயில் இறுக்கமாக நிற்க வேண்டும், ஆடினால் தென்னை ஓலை ஈர்க்கை ஆப்பாகச் சொருகுங்கள். கடைசியாகத் தள்ளுவதற்கு நுனியில் கவட்டை உள்ள ஒரு நீளக்கொம்பு. அதன் உயரம் பிள்ளையின் நெஞ்சளவு. கவட்டையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் காயும் அச்சும் சேர்ந்து உருளும். கவட்டை உரசும் இடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் கிறீச் சத்தம் நிற்கும், வண்டியும் லேசாகப் போகும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், இரண்டு மூன்று நாளில் காய் வற்றிச் சுருங்கி ஓட்டை பெரிதாகிவிடும், சக்கரம் கழன்று ஓடும். அப்போது புதுக் காய் போடுவதுதான் வழி, அச்சும் கவட்டையும் அப்படியே உதவும். முதல் நாள் எறும்பு மொய்க்கும், இரவில் வீட்டுக்குள் வைக்காதீர்கள். நுங்குக் காயின் சாறு துணியில் பட்டால் பழுப்புக் கறை துவைத்தாலும் போகாது, பழைய சட்டையைப் போட்டு விடுங்கள். தடுக்கி விழுந்தால் கொம்பின் நுனி கண்ணில் குத்தக்கூடும் என்பதால் நாலு வயதுக்கு மேல்தான் இது. சின்னவன் அழுதால் கயிறு கட்டிய டப்பா ஒன்றை இழுக்கக் கொடுங்கள்.

நுங்கையே கொடுக்கும்போது ஒரு கவனம்: மூன்று வயதுக்குக் கீழே முழுச் சுளையாகக் கொடுக்க வேண்டாம், வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய் அடைக்கும். தோலுரித்து மசித்துக் கொடுங்கள்.

ஜவ்வரிசி வடாம்

வீட்டு வேலையில் பிள்ளைக்கு நிஜமான பங்கு தரக்கூடியது இதைப் போல் வேறில்லை. விளையாட்டுக்குச் செய்வது வேறு, வீட்டுக்கு உண்மையாகத் தேவைப்படும் ஒன்றைச் செய்வது வேறு. அந்த வித்தியாசம் நாலு வயதிலேயே அவர்களுக்குப் புரியும்.

ஒரு கப் மாவு ஜவ்வரிசியை முதல் நாள் இரவு இரண்டு கப் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலை ஐந்தரைக்கு இன்னும் மூன்று கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஊறியதைச் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்து கண்ணாடி போல ஆகிவிட்டால் வெந்துவிட்டது. இட்லி மாவை விடக் கொஞ்சம் இளக்கமான பதம் சரி. உப்பு, வாயில் வைத்துப் பார்க்கும்போது குறைவாகத் தெரிய வேண்டும். தண்ணீர் வற்றி வடாம் சுருங்கும்போது உப்பு அப்படியே நிற்கும், இப்போது சரியாக இருந்தால் பொரித்த பிறகு கரிக்கும். சீரகம் ஒரு டீஸ்பூன், ஆறிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம். பச்சை மிளகாய் அரைத்துப் போடுவது வழக்கம்தான், ஆனால் பிள்ளைகள் ஊற்றப்போகும் கூழில் போடாதீர்கள். அதே கையால் கண்ணைக் கசக்குவார்கள், அன்றைய காலை அழுகையோடு முடியும். பெரியவர்களுக்கு வேண்டுமானால் பாதிக் கூழைத் தனியாக எடுத்து மிளகாய் கலந்துகொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வெந்நீர் தோலில் பட்டால் வழிந்து ஓடிவிடும். கூழ் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்று சுடும், அதனால் காயம் ஆழமாகும். ஐந்தரைக்கு அடுப்பில் வைப்பது அதற்காகத்தான்: ஏழு மணிக்குள் கூழ் வெதுவெதுப்புக்கு வந்திருக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகுதான் கிண்ணம் மாடிக்குப் போகலாம். பெரிய பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கட்டும், சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொடுங்கள்.

மாடியில் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். குழிக்கரண்டி வேண்டாம், மேஜைக்கரண்டி கொடுங்கள். ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் முதுகால் ஒரே ஒரு சுற்று. பிள்ளைக்குப் பிடித்துப்போனால் பத்துச் சுற்று சுற்றுவார்கள், நடுவில் ஓட்டை விழும், பரவாயில்லை, ஓட்டை விழுந்தது சீக்கிரம் காயும். பிரச்சினை தடியாக ஊற்றுவதில்தான். தடிமனானது மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும், டப்பாவில் பூசணம் பிடித்து மற்றதையும் கெடுக்கும். ஷீட்டை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி பிள்ளைக்கு, ஒரு பாதி உங்களுக்கு என்று வைத்துக்கொண்டால் அவர்கள் ஊற்றியதை நீங்கள் திருத்த வேண்டிய அவசியமே வராது. அவர்கள் கண் முன்னால் திருத்தினீர்களோ, மறுநாள் மாடிக்கு வர மாட்டார்கள்.

காக்காய்க் காவல் என்று ஒரு வேலை உண்டு. கருப்புத் துணி கட்டிய குச்சியை நட்டு வைத்தால் காக்காய் கொஞ்ச நேரம் பயப்படும். பிள்ளையை வெயிலில் உட்காரவைத்துக் காவல் காக்கச் சொல்ல வேண்டாம். ஒரு மணிக்கு ஒரு தடவை கதவுக்கு வெளியே வந்து கை தட்டிவிட்டு ஓடி வருவதே அவர்களுக்குப் பெரிய பொறுப்பாக இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஓரம் தானே தூக்கிக்கொள்ளும், உரித்துத் திருப்பிப் போடுவதும் அவர்கள் பங்கு. நல்ல வெயில் இருந்தால் இரண்டு நாள், மேகம் வந்தால் மூன்று. உடைத்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் டப்பாவுக்குப் போகலாம், வளைந்தால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். அவர்கள் போட்டதைத் தனி டப்பாவில் பேர் எழுதி வையுங்கள்.

மாவு, மஞ்சள்

மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சப்பாத்தி மாவே போதும்: கோதுமை மாவு ஒரு கப், தண்ணீர் அரை கப் அளவில், எண்ணெய் ஒரு டீஸ்பூன். கொஞ்சம் வாயில் போனாலும் பயமில்லை. உப்பு நிறையப் போட்ட மாவை அந்த வயதில் கொடுக்கக் கூடாது. அதிகம் தின்றுவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி ஆபத்தாகும்.

நாலு வயதுக்கு மேல், வேகவைத்த மைதா மாவு பல நாள் நிற்கும். மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேஜைக்கரண்டி. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் நாலைந்து நிமிடம் கிளறினால் கொழுக்கட்டை மாவு மாதிரி சுருண்டு வரும். ஆறிய பிறகு அவர்களே பிசையட்டும். அரிசி மாவில் இதைச் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. கோதுமையில் உள்ள பசைப் புரதம் அரிசியில் இல்லாததால் ஆறியதும் விண்டுபோகும், பாம்பு உருட்டினால் துண்டு துண்டாகும். கடலோர ஊர்களில் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மாவு நசநசவென்று ஆகிவிடும். ஆடும் நேரம் போக மற்ற நேரம் மூடி இறுகிய டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். கை ஒட்டினால் ஒரு சிட்டிகை மைதா போதும், தண்ணீர் தொட்டால் மோசமாகும். முறுக்கு அச்சு, இடியாப்ப உரல் இரண்டும் கடையில் விற்கும் அச்சுகளை விட நன்றாக வேலை செய்யும்.

மஞ்சள் வேலை மதிய நேரத்துக்கு ஏற்றது. ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை மூன்று மேஜைக்கரண்டி தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். கால் டம்ளர் தண்ணீரில் துணி சோப்பைக் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். மேலே எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவினால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்புபோல் காரத்தன்மை உள்ள எது பட்டாலும் மஞ்சள் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பும். சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். சோடா உப்பிலும் வரும், நிறம் மங்கலாக இருக்கும். தரையில் பழைய தினத்தாள் விரிப்பதை மறந்தால் மொசைக் தரை வாரக் கணக்கில் மஞ்சளாகவே இருக்கும்.

முளைவிட வைப்பது

இதில் அதிகம் பேர் சறுக்குவது விதையைத் தேர்ந்தெடுப்பதில். கொத்தமல்லி வெளியே தலைகாட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிள்ளை மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்து வேரை அறுத்துவிடும். பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் மறுநாளே வால் முளைத்திருக்கும், இரண்டு நாளில் வெந்தயமும் வந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பின் எல்லை அவ்வளவுதான்.

தேங்காய்ச் சிரட்டை இரண்டு எடுத்துக் கண்ணில் ஓட்டை போட்டு மண் நிரப்புங்கள். இரண்டிலும் ஊறிய பயறைத் தூவி, ஒன்றை ஜன்னலோரமும், மற்றொன்றைக் கவிழ்த்த பானைக்குள்ளும் வையுங்கள். நாலைந்து நாளில் வெளியே இருப்பது குட்டையாகப் பச்சையாகவும், இருட்டில் இருப்பது நெட்டையாக வெளிறிய மஞ்சளாகவும் நிற்கும். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகாமல், வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளுகிறது. ஊர்த் திருவிழாவில் அம்மனுக்கு எடுக்கும் முளைப்பாரி அந்த நிறத்தில் இருப்பது இதனால்தான் என்று, திருவிழா பார்த்த பிள்ளைக்குச் சொன்னால் கண் விரியும். தண்ணீர் ஊற்றும் வேலைக்கு டம்ளர் கொடுக்காதீர்கள், வெள்ளத்தில் அழுகிவிடும். தெளிப்பான் பாட்டில் கொடுத்து, காலை ஐந்து தடவை, மாலை ஐந்து தடவை என்று எண்ணச் சொல்லுங்கள்.

பல்லாங்குழி, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்

பாட்டி வீட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கியதும் செய்ய வேண்டியது, கூட வரும் பையைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது. கறுப்புப் பொட்டுள்ள சிவப்புக் குன்றிமணி இருந்தால் ஒன்று விடாமல் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அதன் உள்ளிருக்கும் நஞ்சு கொடியது. முழுதாக விழுங்கினால் தோல் கெட்டியாக இருப்பதால் பல சமயம் அப்படியே வெளியேறிவிடும், மென்றிருந்தாலோ ஓட்டை போட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மீதியுள்ள மணியையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு. ஆனாலும் புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எதுவுமே மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எட்டும் தூரத்தில் வேண்டாம். மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள்.

ஐந்து வயதுக்கு முழு ஆட்டம் நீளம். பதினாலு குழிக்கும் ஐந்தைந்து போட்டால் எழுபது காய், முடிவதற்குள் அழுகை வரும். குழிக்கு மூன்று போட்டு நாற்பத்திரண்டில் தொடங்குங்கள். தோற்பதைத் தாங்காத பிள்ளையாக இருந்தால் முதல் வாரம் இருவரும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து, எத்தனை சுற்றில் பலகை காலியாகிறது என்று பார்க்கலாம்.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் நாலு வயதிலிருந்தே ஓடும். ஒன்றரை அடி நீளத்துக்கு மணலைக் கரைபோல் குவித்து, ஒரு அங்குல ஈர்க்குச்சியை உள்ளே மறைத்து, எதிராளி இரண்டு கையையும் கோத்து எங்கே மூடுகிறார் என்பதுதான் ஆட்டம். வீட்டு வாசலில் கட்டடத்துக்குக் கொட்டிய மணலில் பூனை போயிருக்கும். ஒரு வாளி மணலைச் சலித்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஆடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மதியத்தில் இரண்டு நாற்காலிக்கு நடுவே பழைய புடவையைப் போட்டு, துணி கிளிப்பால் பிடித்து வீடு கட்டிக் கொடுத்தால் நெடுநேரம் ஓடும். அதே புடவையைத் தொட்டில் போலக் கட்டி ஊஞ்சலாக்க வேண்டாம். உட்கார்ந்து சுழலும்போது துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன.

வெளியே கூட்டிப்போவது

வெளிப்பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே நாளில் நாலு இடம் பார்க்க நினைப்பதால்தான். சின்னப் பிள்ளையோடு ஒரு நாளுக்கு ஒரு இடம், அங்கே இரண்டரை மணி நேரம்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். மூடிய கேட்டின் முன் நிற்கும் பிள்ளைக்கு விளக்கம் சொல்லி மாளாது, கிளம்பும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்டலூர் 602 ஹெக்டேர், நடந்தே சுற்றினால் மூன்று வயதுப் பிள்ளை திரும்பும் வழி முழுக்க உங்கள் தோளில்தான். வீட்டிலேயே மூன்று மிருகங்களை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றையும் காலையில் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பேட்டரி வண்டியில் சுற்றி, வெயில் ஏறும் முன் வெளியே வந்துவிடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வெயில் நாளில் இவற்றுக்கு ஈடில்லை.

மெரினாவில் கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் இறங்கும், திரும்பும் அலை காலடி மணலை இழுக்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், கையை விட வேண்டாம். மணல் வீட்டுக்கு வாளி, பழைய கரண்டி, ஒரு டம்ளர் எடுத்துப்போனால் அவர்களுக்குக் கடல் இரண்டாம்பட்சமாகிவிடும். கூட்டமுள்ள எந்த இடத்திலும் பிள்ளையின் முழங்கையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதி, அப்படியே விடுங்கள், அதன் மேல் எண்ணெய் பட்டால் அழியும். போகும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் என்ன சட்டை என்று அந்த நேரத்தில் நினைவு வராது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் தனி பெர்த் கேட்டால் முழுக்கட்டணம், கேட்காவிட்டால் பாதி. ஊட்டி மலை ரயிலில் எல்லோரும் மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏற நினைப்பார்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் மெல்ல ஏறும், ஊட்டி சேர ஐந்து மணி நேரத்துக்கு அருகில் ஆகும். பெரியவர்களுக்கு அது ஆனந்தம், நாலு வயதுப் பிள்ளைக்கு முதல் ஒரு மணி நேரம்தான் ரயில், மிச்சமெல்லாம் சிறை. குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும், குகைப்பாதையும் உண்டு. நீராவி எஞ்சின் அந்தப் பகுதியில் வராது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், புகை விடும் எஞ்சினை எதிர்பார்த்து வந்து ஏமாறுவார்கள். சொந்தக் காரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதானால் 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருவது, கண் பார்ப்பதும் உடம்பு உணர்வதும் பொருந்தாததால். மலையேறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லி மட்டும், எண்ணெய்ப் பண்டமும் பாலும் வேண்டாம். போனையோ படப் புத்தகத்தையோ கையில் கொடுக்காமல் தூரத்தைப் பார்க்கவையுங்கள். எலுமிச்சம்பழத்தை விட, கைக்கெட்டும் இடத்தில் வைத்த மூன்று கவரும் ஒரு ஈரத்துண்டும் உதவும். கட்டுச்சோற்றில் முதலில் தயிர்சாதத்தைத் தீர்த்துவிடுங்கள், வெயிலில் அது தாங்காது. புளியோதரை மதியம் வரை நிற்கும்.

கடைசிப் பத்து நாள்

குச்சி ஐஸை இதற்கென்று வைத்திருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி நன்னாரி சர்பத், அரை மூடி எலுமிச்சை. சர்பத்தைக் கூட்டினால் சர்க்கரை அதிகமாகி ஐஸ் இறுகாது, குச்சியிலிருந்து வழியும். இரவு ஊற்றி வையுங்கள், பகலில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரீசரைத் திறந்து உறையவே விட மாட்டார்கள்.

விடுமுறையில் தூங்கும் நேரம் பதினொன்று வரை போயிருக்கும். பள்ளி திறக்கும் முதல் நாள் காலையில் அதைச் சரிசெய்ய முடியாது. மே 20 வாக்கில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கவையுங்கள், அதே அளவு முன்னதாக எழுப்புங்கள். மதியத் தூக்கத்தை நாலு மணிக்கு மேல் விடாதீர்கள்.

டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்குப் பக்கத்திலேயே வடாத்தை வைத்தால் ஆவி பட்டு நமத்துப்போகும். பேர் எழுதிய டப்பாவிலிருந்து இரண்டு எடுத்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரித்து, முழுக்க ஆறவிட்டு, தனிச் சின்ன டப்பாவில் இறுக்கி மூடிக் கொடுங்கள். ஓட்டை விழுந்த வடாமாகப் பார்த்துக் கொடுங்கள், யார் போட்டது என்று வகுப்பில் காட்டுவார்கள்.